இரண்டு பேர் படகு

1. கையெழுத்துக்கு முன்னால்

தாராவியில் எங்கள் வகுப்பு இரவு எட்டரை மணிக்குத் தொடங்கும். தையல் வேலை, தோல் வேலை, இட்லி வியாபாரம் எல்லாம் முடித்துவிட்டுப் படிக்க வருவார்கள். சிலர் கைக்குழந்தையோடு வருவார்கள்.

ஒரு நாள் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் ஒரு தாளோடு வந்தார். அவருடைய மகள் மாட்டுங்காவில் கல்லூரியில் படிக்கிறாள். என்.சி.சி.யில் கடற்படைப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். அங்கே பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத் தருகிறார்கள். அதற்குப் பெற்றோரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. மகள் அதைத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தாள்.

“டீச்சர், நானே எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டேன்” என்றார் அக்கா. “கடல்ல படகு ஓட்டச் சம்மதம்னு போட்டிருக்கு. ரெண்டே பேரு போற படகாம். மோட்டார் கிடையாதாம். அது எப்படிக் கவுறாம நிக்கும்? அது தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். தெரியாம கைநாட்டு வச்ச காலம் போச்சு.”

அக்கா கேட்டது நியாயம். ஆனால் எனக்கும் பதில் தெரியாது. “நாளைக்கு மகளைக் கூட்டிட்டு வாங்க அக்கா. எல்லாரும் சேர்ந்து தெரிஞ்சுக்குவோம்” என்றேன்.

மறுநாள் மகள் வந்தாள். ஒரு தெர்மாகோல் துண்டு, துடைப்பக் குச்சி, காகிதம், உடைந்த ஸ்கேல் எல்லாம் கொண்டு வந்தாள். நாங்கள் ஒரு பெரிய டப்பில் தண்ணீர் பிடித்து வைத்தோம்.

எங்கள் வகுப்பில் தூத்துக்குடிப் பெரியவர் ஒருவர் உண்டு. சின்ன வயதில் கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். இப்போது செம்பூரில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறார். அவரும் டப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அன்று நாங்கள் தெரிந்துகொண்டதைத்தான் இந்தப் பாடத்தில் எழுதியிருக்கிறேன்.

2. படகின் பாகங்கள்

இந்தச் சின்னப் படகை டிங்கி என்கிறார்கள். அதில் முக்கியமான பாகங்கள் இவை:

உடல் – மிதக்கும் பகுதி. மரப்பலகை அல்லது ஃபைபரால் செய்தது.
பாய்மரம் – நிமிர்ந்து நிற்கும் கம்பம்.
பெரிய பாய் – பாய்மரத்துக்குப் பின்னால் இருப்பது.
சின்னப் பாய் – பாய்மரத்துக்கு முன்னால் இருப்பது.
சுக்கான் – படகின் பின்பக்கம் இருப்பது. படகைத் திருப்புவது இதுதான்.
நடுப்பலகை – படகின் நடுவில் உள்ள இடுக்கு வழியாகத் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் பலகை.

என்.சி.சி. மாணவர்கள் ஓட்டும் படகின் பெயர் எண்டர்பிரைஸ். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜாக் ஹோல்ட் என்பவர் 1956-இல் இதை வடிவமைத்தார். இதன் பாய்கள் நீல நிறம். நீளம் 4 மீட்டருக்குச் சற்றே அதிகம். அதாவது சுமார் 13 அடி. பாய்மரமும் பாயும் சேர்க்காமல் உடல் மட்டும் சுமார் 90 கிலோ. இரண்டு சிமெண்ட் மூட்டையை விடக் குறைவு!

“இவ்வளவு லேசா இருந்தா காத்துல கவுந்திருமே?” என்றார் அக்கா.

அதற்கு வருவோம். அதற்கு முன்னால், காற்றில் படகு எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம்.

3. எதிர்க்காற்றில் எப்படிப் போகும்?

காற்று பின்னாலிருந்து வீசினால் படகு முன்னால் போகும். இது நமக்குத் தெரியும். காற்று முன்னாலிருந்து வந்தால்?

மகள் தெர்மாகோலில் குச்சியை நட்டாள். காகிதப் பாய் கட்டினாள். பக்கத்திலிருந்து விசிறினாள். படகு முன்னால் போகவில்லை. பக்கவாட்டில் நழுவி டப்பின் ஓரத்தில் முட்டியது.

“கட்டுமரத்துல பாய் போட்டாலும் இப்படித்தான் ஒதுங்கும், தாயி” என்றார் பெரியவர். “அதுக்கு ஓரமா ஒரு பலகையத் தண்ணிக்குள்ள எறக்குவோம்.”

“அதேதான் தாத்தா!” என்றாள் மகள். உடைந்த ஸ்கேலைத் தெர்மாகோலின் அடியில் செருகினாள். மறுபடி விசிறினாள். இப்போது படகு நழுவவில்லை. மெதுவாக முன்னால் நகர்ந்தது.

காரணம் இதுதான். பாய் வளைந்து புடைத்து நிற்கும். காற்று அதன் இரண்டு பக்கமும் ஓடும். புடைத்த பக்கம் காற்று வேகமாக ஓடும். அங்கே காற்றின் அழுத்தம் குறையும். மறுபக்கம் அழுத்தம் கூடுதலாக இருக்கும். அதனால் பாய் புடைத்த பக்கம் இழுக்கப்படும். பறவையின் இறக்கையிலும் இப்படித்தான் நடக்கிறது.

இந்த இழுப்பில் பெரும்பகுதி பக்கவாட்டில்தான் இருக்கும். கொஞ்சம்தான் முன்னோக்கி இருக்கும். தண்ணீருக்குள் நிற்கும் நடுப்பலகை படகைப் பக்கவாட்டில் போகவிடாது. எனவே படகு முன்னால் போகிறது. ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். விரல்கள் பக்கவாட்டில்தான் அழுத்துகின்றன. கொட்டை முன்னால் பாய்கிறது. அது போலத்தான் இதுவும்.

ஆனாலும் காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரப் படகும் போக முடியாது. கொஞ்சம் இடது பக்கம் சாய்வாகப் போக வேண்டும். பிறகு திரும்பி வலது பக்கம் சாய்வாகப் போக வேண்டும். கண்டாலா மலைப்பாதையில் வண்டிகள் நேராக ஏறுவதில்லை. வளைந்து வளைந்துதான் ஏறுகின்றன. படகும் காற்றின் மேல் அப்படித்தான் ஏறுகிறது.

4. கவிழாமல் நிற்பது எப்படி?

இனி அக்காவின் கேள்விக்கு வருவோம்.

காற்று பாயைத் தள்ளும்போது படகு ஒரு பக்கம் சாயும். பெரிய பாய்மரக் கப்பல்களில் சாயாமல் இருக்க அடியில் கல், இரும்பு என்று பாரம் ஏற்றுவார்கள். டிங்கியில் அப்படிப் பாரம் எதுவும் இல்லை. பாரம் ஏற்றினால் வேகம் குறையும். அப்படியானால் படகை நிமிர்த்துவது யார்?

படகில் இருக்கும் இரண்டு பேர்தான்! அவர்களுடைய உடம்புதான் பாரம்.

படகு ஒரு பக்கம் சாயும்போது இருவரும் எதிர்ப்பக்கம் உட்காருவார்கள். படகின் உள்ளே வார் கட்டியிருக்கும். அதில் காலை மாட்டிக்கொண்டு உடம்பை வெளியே சாய்ப்பார்கள்.

பூங்காவில் சீசா பலகை பார்த்திருப்பீர்கள். நடுவில் உட்கார்ந்தால் பலகை அசையாது. நுனியில் உட்கார்ந்தால் சின்னப் பிள்ளை கூடப் பெரியவரைத் தூக்கிவிடும். எடை மட்டும் போதாது. எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்பதும் முக்கியம்.

ஒரு பெண்ணின் எடை 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடையைத் தூரத்தால் பெருக்குவோம்.

படகின் நடுவிலிருந்து அரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால்: 50 × ½ = 25
ஒரு மீட்டர் தள்ளி உடம்பைச் சாய்த்தால்: 50 × 1 = 50
ஒன்றரை மீட்டர் தள்ளி உடம்பு இருந்தால்: 50 × 1½ = 75

ஆள் ஒருவர்தான். எடை கூடவில்லை. ஆனால் படகை நிமிர்த்தும் பலம் மூன்று மடங்கு ஆகிவிட்டது!

“இது எங்களுக்குத் தெரிஞ்சதுதான்” என்றார் பெரியவர். “ராமேஸ்வரம் பக்கம் படகுக்குக் குறுக்க நீளமாப் பலகை போட்டிருப்பாங்க. காத்து பலமாச்சுன்னா ஆளு அந்தப் பலகை மேல ஏறி வெளிய போயி உக்காந்துக்குவான்.”

இலங்கையிலும் இந்த வழக்கம் இருந்தது. அங்கே படகின் ஒரு பக்கம் மிதப்புக் கட்டை கட்டியிருப்பார்கள். காற்று கூடக் கூட ஆட்கள் அந்தக் கட்டைப் பக்கம் போவார்கள். ‘ஓர் ஆள் காற்று’, ‘இரண்டு ஆள் காற்று’ என்று காற்றின் பலத்தையே ஆள் கணக்கில் அளந்தார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயைத் தள்ளும் பலம் இரண்டு மடங்கு அல்ல. நான்கு மடங்கு! அப்போது இரண்டு பேர் சாய்ந்தாலும் போதாது. அதற்கும் வழி உண்டு. பாயின் கயிற்றைத் தளர்த்த வேண்டும். பாய் காற்றை விட்டுவிடும். படகு நிமிர்ந்துவிடும். கையில் உள்ள கயிற்றை எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்பதுதான் முதல் பாடம்.

5. மும்பைக் கடலில் தங்கம்

1982-இல் டெல்லியில் ஒன்பதாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. டெல்லியில் கடல் இல்லை. எனவே பாய்மரப் படகுப் போட்டியை மட்டும் நம் மும்பையில் நடத்தினார்கள். அப்போது ஊரின் பெயர் பம்பாய்.

அதில் ஃபயர்பால் என்ற வகைப் படகில் இந்தியா தங்கப் பதக்கம் வென்றது. ஃபரூக் தாராப்பூர், ஜரீர் கரஞ்சியா என்ற இருவரும் அந்தப் படகை ஓட்டினார்கள். தாராப்பூர் பிறகு 1984, 1988, 1992 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் கலந்துகொண்டார்.

ஃபயர்பால் படகை 1962-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் மில்ன் வடிவமைத்தார். பிளைவுட் பலகையை அறுத்து ஒட்டி வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்ற எண்ணத்தில் செய்த வடிவம் அது. நீளம் 4.93 மீட்டர். அதாவது 16 அடி. நம் பத்துக்குப் பதினைந்து அறையை விட ஓர் அடிதான் கூடுதல். உடலின் எடை சுமார் 79 கிலோ. அதில் ஏறும் இரண்டு பேரின் எடை படகின் எடையை விட அதிகம்!

மற்றப் படகுகளுக்கு மூக்கு கூர்மையாக இருக்கும். ஃபயர்பாலின் மூக்கு வெட்டிவிட்டது போலத் தட்டையாக இருக்கும். அடிப்பகுதியும் தட்டைதான். ஏன் தெரியுமா?

மெதுவாகப் போகும் படகு தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும். வேகம் கூடினால் முன்னால் அலை எழும். படகு அந்த அலையைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கும். கனமான படகு அதற்கு மேல் வேகமாகப் போக முடியாது. ஆனால் படகு லேசாகவும் அடி தட்டையாகவும் இருந்தால், நல்ல காற்றில் அது அந்த அலை மேல் ஏறிவிடும். பிறகு தண்ணீரின் மேலேயே வழுக்கிக்கொண்டு ஓடும். ஊரில் குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிந்திருப்பீர்கள். அது மூழ்காமல் தத்தித் தத்திப் போகும் அல்லவா? அது போலத்தான்.

ஃபயர்பாலில் இன்னொரு வசதியும் உண்டு. பாய்மரத்தின் மேல்பகுதியிலிருந்து ஒரு கம்பி தொங்கும. இருவரில் ஒருவர் அதை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்வார். இரண்டு காலையும் படகின் விளிம்பில் ஊன்றி, முழு உடம்பையும் வெளியே நீட்டித் தண்ணீருக்கு மேல் நிற்பார். நாம் போட்ட கணக்கில் 75 வந்ததே, அது இப்படித்தான்.

6. ஒரே அளவு, ஒரே நீதி

பந்தயத்தில் ஒரு வகைப் படகுகள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். நீளம், எடை, பாயின் அளவு எல்லாவற்றையும் அளந்து பார்ப்பார்கள். பணம் இருக்கிறது என்று ஒருவர் பெரிய பாய் கட்ட முடியாது. ஜெயிப்பதும் தோற்பதும் ஆளின் திறமையில்தான்.

கடலில் மிதவைகள் போட்டிருப்பார்கள். அவற்றைச் சுற்றி வர வேண்டும். ஒரு பக்கம் எதிர்க்காற்று. திரும்பி வரும்போது பின்காற்று. பல பந்தயங்கள் நடக்கும். முதலில் வந்தால் 1 புள்ளி. இரண்டாவது வந்தால் 2 புள்ளி. கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவர்தான் வெற்றி பெற்றவர்.

இரண்டு பேர் ஓட்டும் வேறு வகைப் படகுகளும் உண்டு. ஒன்றின் பெயர் 470. அதன் நீளம் 4.70 மீட்டர். பெயரும் அளவும் ஒன்றே. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் படகில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்துதான் ஓட்ட வேண்டும் என்று விதி வந்தது.

இன்னொன்று 49இஆர். அதில் இருவருமே கம்பியில் மாட்டிக்கொண்டு வெளியே நிற்பார்கள். நல்ல காற்றில் அது மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகும். அதே படகைப் பெண்களுக்கு ஏற்ற பாய்களோடும் செய்கிறார்கள்.

சென்னையில் பயிற்சி பெற்ற வருண் தக்கர், கணபதி இருவரும் 49இஆர் படகில் 2018 ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்றார்கள். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஓட்டினார்கள்.

சென்னைப் பெண் வர்ஷா கௌதம் 2014 ஆசியப் போட்டியில் ஐஸ்வர்யா நெடுஞ்செழியனோடு சேர்ந்து வெண்கலம் வென்றார். 2018-இல் ஸ்வேதா ஷெர்வேகரோடு சேர்ந்து வெள்ளி வென்றார்.

இந்தப் பெயர்களை மறுபடி பாருங்கள். எல்லாம் இரண்டு இரண்டு பெயர்கள்!

7. இருவர் வேலை

பின்னால் இருப்பவர் சுக்கானைப் பிடிப்பார். பெரிய பாயின் கயிறும் அவர் கையில் இருக்கும். முன்னால் இருப்பவர் சின்னப் பாயைப் பார்ப்பார். நடுப்பலகையை ஏற்றி இறக்குவார். காற்று கூடினால் முதலில் வெளியே சாய்வார்.

படகு திரும்பும்போது பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும். பாயின் அடியில் உள்ள கழியும் வேகமாகப் போகும். இருவரும் தலையைக் குனிந்து, அதன் அடியில் புகுந்து, மறுபக்கம் போய் உட்கார வேண்டும். ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் படகு ஆடும். அதனால் திரும்புவதற்கு முன் பின்னால் இருப்பவர் குரல் கொடுப்பார். முன்னால் இருப்பவர் பதில் சொல்வார். பதில் வந்த பிறகுதான் திருப்ப வேண்டும்.

8. கவிழ்ந்துவிட்டால்?

“சரி, இவ்வளவு பண்ணியும் கவுந்திட்டா?” என்று கேட்டார் அக்கா.

“கவுறும்மா. கத்துக்கும்போது எல்லாரும் கவுறுவாங்க” என்றாள் மகள். வகுப்பு அமைதியானது. அவள் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

படகு கவிழ்ந்தாலும் மூழ்காது. அதன் உள்ளே காற்று அடைத்த அறைகள் உண்டு. எல்லோரும் மிதவைச் சட்டை போட்டிருப்பார்கள். மிக முக்கியமான விதி ஒன்று உண்டு. படகை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தக் கூடாது. கரை பக்கத்தில் தெரிவது போல இருக்கும். ஆனால் ஓதத்தின் இழுப்பு ஆளைக் கொண்டுபோய்விடும். மராத்தியில் பர்தி, ஓஹோட்டி என்கிறார்களே, அந்த இழுப்புத்தான். தண்ணீரில் தனித் தலை தூரத்தில் தெரியாது. படகு தெரியும்.

கவிழ்ந்த படகை இருவரும் சேர்ந்து நிமிர்த்த வேண்டும். ஒருவர் நடுப்பலகையின் மேல் ஏறி நின்று எடை கொடுப்பார். மற்றவர் படகின் பக்கத்தில் இருப்பார். படகு நிமிரும்போது அவர் உள்ளே வந்துவிடுவார். பிறகு வெளியே இருப்பவரை உள்ளே இழுத்துப் போடுவார். பயிற்சியின்போது மோட்டார் படகு ஒன்று காவலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

9. அக்காவின் நிபந்தனை

அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒரு தாளில் மூன்று கேள்விகள் எழுதினார்.

மிதவைச் சட்டை எல்லாருக்கும் உண்டா?
காவல் படகு உண்டா?
உன்னோடு வரும் பெண் யார்?

முதல் இரண்டுக்கும் மகள் ‘உண்டு’ என்று எழுதினாள். மூன்றாவதற்கு ஒரு பெயர் எழுதினாள். கூடப் படிக்கும் மராத்திப் பெண்.

“அந்தப் பொண்ண வீட்டுக்குக் கூட்டிட்டு வா” என்றார் அக்கா. “ஒன்ன நிமித்தறவ அவ. அவள நிமித்தறவ நீ. நான் அவளப் பாக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வந்தாள். அக்கா இருவருக்கும் மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். அவளுக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்கு வந்த இந்தியில் பேசினார். சாப்பிட்டு முடிந்ததும் தையல் மேசை மேல் தாளை வைத்தார். ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். தமிழில்தான் எழுதினார்.

செய்து பாருங்கள்

தெர்மாகோலில் படகு செய்யுங்கள். ஒரு குச்சியும் காகிதப் பாயும் வையுங்கள். அடியில் பலகை இல்லாமல் பக்கத்திலிருந்து விசிறுங்கள். பிறகு பலகை வைத்து விசிறுங்கள். என்ன வித்தியாசம்?

கணக்குப் போடுங்கள்

1. ஒருவர் எடை 60 கிலோ. நடுவிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருந்தால் எவ்வளவு? ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்தால் எவ்வளவு?
2. முதல் படகு நான்கு பந்தயங்களில் 2, 3, 1, 4 ஆகிய இடங்களில் வந்தது. இரண்டாம் படகு 1, 1, 5, 6 ஆகிய இடங்களில் வந்தது. புள்ளிகளைக் கூட்டுங்கள். எது வெற்றி பெறும்? இரண்டு முறை முதலில் வந்த படகு வெற்றி பெற்றதா?

பேசுவோம்

நீங்கள் படிக்காமல் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தது உண்டா? இனிமேல் ஒரு தாள் வந்தால் என்னென்ன கேள்விகள் கேட்பீர்கள்? மூன்று கேள்விகளை உங்கள் நோட்டில் எழுதுங்கள்.